மனச்சோர்வை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியுமா? – கேள்வி பதில்

கேள்வி: சர்க்கரைக்கு இருப்பதுபோல மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனை உண்டா?

இல்லை. டாக்டர் தைராய்டும் பி12-ம் எழுதித் தருவது, வேறு கோளாறு சோர்வு வேடம் போடுகிறதா என்று பார்க்கத்தான்.

கேள்வி: யாரும் முயன்றதே இல்லையா சார்?

முயன்றார்கள். 1981-ல் பெர்னார்ட் கேரல் குழு, இரவில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, மறுநாள் ரத்தத்தில் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் அடங்குகிறதா என்று பார்த்தது. அடங்காவிட்டால் கடும் மனச்சோர்வு என்றார்கள். கொஞ்ச காலம் ஒரே கொண்டாட்டம். பிறகு பார்த்தால், எடை குறைந்தவருக்கும் அடங்கவில்லை, மறதி நோய் வந்தவருக்கும் அடங்கவில்லை.

கேள்வி: எபிஜெனிடிக்ஸ், ஒரே வரியில்?

ஒரு வரியில் அடங்காது, எலியிடம் போவோம். மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் குழுவின் 2004 ஆய்வு. தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகளின் மூளையில், அழுத்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணுமீது மெத்தில் ஒட்டுகள், அதாவது மரபணுவை அடக்கிவைக்கும் சிறு வேதி ஒட்டுகள், குறைவு. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அது வேலை செய்யும் அளவுதான் மாறியது. இதுதான் எபிஜெனிடிக்ஸ். ஏற்பி கூடினால் பதற்றம் சீக்கிரம் தணியும். 2009-ல் வந்த ஆய்வில், தற்கொலை செய்துகொண்ட மனிதர்களின் மூளையிலும் தேடினார்கள். சிறுவயதில் வதைபட்டவர்களிடம் ஒட்டு அதிகம், வதைபடாதவர்களிடம் இல்லை. ஆக, அது குழந்தைப் பருவத்தின் தழும்பு, மனச்சோர்வின் முத்திரை அல்ல. அதுவும் பிரிவுக்கு 12 மூளைதான்!

கேள்வி: அதையே ரத்தத்தில் பார்த்துவிடலாமே?

ரத்தம் மூளை அல்ல. செல்லுக்குச் செல் ஒட்டு வேறு. சிகரெட் பிடித்தாலே ரத்தத்தில் சில ஒட்டுகள் மாறும். சோர்ந்தவர்களில் புகைப்பவர் அதிகம். நீங்கள் அளந்தது சோர்வையா, சிகரெட்டையா?

கேள்வி: பாட்டி பட்ட துயரம் என் மரபணுவில் பதிந்திருக்குமாமே?

எலிக் கதையை வைத்துச் சொல்கிறீர்களா? பிறந்த குட்டியை வேறொரு தாயிடம் மாற்றி வைத்தார்கள். பெற்றவளைப் போல அல்ல, வளர்த்தவளைப் போலவே ஆனது.

அதே வாசகர் மீண்டும்: 1944-ல் நெதர்லாந்தில் வந்த டச்சுப் பஞ்சத்தை மறந்துவிட்டீர்களே?

மறக்கவில்லை. கருவில் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் அறுபது ஆண்டு கழித்தும் வளர்ச்சிக்கு உதவும் ஐஜிஎஃப்2 மரபணுவின் ஒட்டுகளில் மாற்றம் தெரிந்தது, உண்மை. ஆனால் பட்டினி கிடந்தது அந்தக் கருவேதான், பாட்டி அல்ல. கரு உருவாகும்போது பழைய ஒட்டுகளில் பெரும்பகுதி அழிந்துபோகிறது. மனிதரில் பேரன்வரை தொடர்கிறது என்பதற்கு உறுதியான சான்று வரட்டும், நானே இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: எபிஜெனிடிக் டெஸ்ட் என்று லேப் விளம்பரம் வந்ததே, எடுக்கலாமா?

மேலே சொன்ன பதிலையே மறுபடி படியுங்கள். ரத்தம் மூளை அல்ல.

கேள்வி: ஒரு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை. என்ன டெஸ்ட் எடுக்கட்டும்?

மூன்றாவது தடவை என்று எரிச்சலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். உங்களிடம் எரிச்சல் இல்லை. டெஸ்ட் தேடாதீர்கள். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ். தமிழிலேயே பேசலாம்.