பதின்வயதினரும் பள்ளி நூலகமும்: கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரங்களில் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிகளோடு தொடர்புடைய ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் நூலகத்தை நெடுங்காலம் கவனித்து ஓய்வு பெற்றவன் நான். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்தே பதில்கள் அமைந்துள்ளன.

வாரத்திற்கு ஒரு நூலகப் பாடவேளை உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதன் மறைவில் கணக்கு வீட்டுப்பாடத்தை எழுதி முடிக்கிறார்கள். என்ன செய்யலாம், ஐயா?
(வகுப்பாசிரியை, சோமனூர்)

அவர்கள் விரித்து வைத்திருக்கும் புத்தகத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். பல பள்ளிகளில் வகுப்புத் தலைவன் பீரோவிலிருந்து ஒரு கட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து, விடைத்தாள் கொடுப்பதுபோல் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போவான். தானே எடுக்காத புத்தகத்தில் பதினான்கு வயதுப் பிள்ளையின் மனம் நிற்காது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இலக்கிய வாசிப்பைப் பற்றி 2024 ஜூலை 17 தேதியிட்டு எழுதிய மடலில் தம்முடைய ஆசிரியப் பணிக்கால நிகழ்வு ஒன்றைக் கூறுகிறார். 1964, 1965 ஆண்டுகளில் அவர் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் மேல்வகுப்பு மாணவர்களுக்கு இலக்கியம் கற்பித்தார். பாடத்திட்டப்படி பழைய ஸ்பானியக் காவியமான எல் சித்தை நடத்த வேண்டும். மாணவர்களோ இருபதாம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் கார்சியா லோர்காவைப் படிக்கலாமா என்று கேட்டார்கள். காவியத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர்கள் விரும்பிய எழுத்தாளர்களைப் பற்றி வகுப்பில் பேசினார் அவர். கத்தோலிக்கப் பள்ளி நூலகத்திற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

உங்கள் வகுப்பில் இதை இப்படித் தொடங்கலாம். பாடவேளைக்கு முன்பே நீளமான மேசை ஒன்றில் முப்பது, நாற்பது புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரியப் பரப்பி வையுங்கள். முதல் பத்து நிமிடம் நீங்களே ஒரு கதையை உரக்க வாசித்து, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைகள் கேட்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதன்பின் அவரவர் விரும்பியதை எடுக்கட்டும். பிடிக்காவிட்டால் நடுவிலேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கட்டும். விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய வீட்டில், தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எப்போதும் உரத்த குரலாகிவிட்ட ஒரு மாணவி எனக்கு நினைவுக்கு வருகிறாள். நான் வாசிப்பை நிறுத்தியபோது என் விரலடியில் இருந்த பக்க எண்ணை அவள் எட்டிப் பார்த்தாள். மணி அடித்ததும் மற்றவர்களை முந்திக்கொண்டு வந்து, அந்த எண்ணைச் சொல்லியே புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனாள்.

படித்து முடித்ததும் கதைச்சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். அந்த ஒரு நோட்டுப் புத்தகம் போதும், நூலகப் பாடவேளை இன்னொரு தேர்வாக மாறிவிடும்.

எங்கள் நூலகம் நான்கு பீரோக்கள். பொறுப்பு தமிழாசிரியரான என்னுடையது. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் என் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பதால் பூட்டியே வைத்திருக்கிறேன். தவறா?
(ஆசிரியர், ஈரோடு)

உங்கள் மீது தவறு சொல்ல மாட்டேன். நூலகர் பணியிடமே இல்லாத பள்ளியில், பாடம் நடத்தும் ஆசிரியரின் தலையில் இந்தப் பொறுப்பையும் ஏற்றி, இழப்பையும் அவரே ஈடுகட்ட வேண்டும் என்றால் எவரும் பூட்டத்தான் செய்வார்கள். கொங்கு வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகள் வாசிக்காததற்கு நான் கண்ட முதற்காரணம் கைப்பேசியன்று, இந்த அச்சமே. ஆகவே மாற்ற வேண்டியது பள்ளியின் விதியை.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதியைத் தாளாளரிடம் காட்டுங்கள். ஓராண்டில் வெளியே கொடுக்கப்பட்ட அல்லது பயன்படுத்தப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரை தொலைவதை, நேர்மைக்கேடோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது அவ்விதி. அது உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அரசே இவ்வளவு இழப்பை இயல்பென்று ஏற்கும்போது பள்ளி நிர்வாகமும் அதே அளவை ஏற்றுத் தீர்மானம் ஒன்றை எழுதிவைக்கலாம். இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனை நூல்கள் பீரோவில் இருக்கின்றன என்பதை வைத்து இந்த அளவு கணக்கிடப்படுவதில்லை. எத்தனை நூல்கள் பிள்ளைகளின் கைக்குப் போயின என்பதே அடிப்படை. மிகுதியாகக் கொடுக்கும் நூலகருக்கே மிகுந்த சலுகை.

சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பதாகும். தீர்மானம் கையெழுத்தானதும் பதினொன்றாம் வகுப்பிலிருந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, வழங்கல் பதிவேட்டை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். மதிய உணவு இடைவேளையில் பீரோ தினமும் திறந்திருக்கட்டும். மாணவனே பெயரெழுதிக் கொடுத்த புத்தகத்தை மாணவனே திரும்பக் கேட்கும்போது அது வந்து சேர்ந்துவிடுகிறது.

மகள் பதினொன்றாம் வகுப்பு. கதைப் புத்தகம் படித்தால் மதிப்பெண் குறையாதா?
(பெற்றோர், திருப்பூர்)

குறைந்து நான் பார்த்ததில்லை. கூடும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன், ஏனென்றால் மதிப்பெண்ணுக்காகக் கொடுக்கப்படும் கதைப் புத்தகத்தை அந்த வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுகொண்டு ஒதுக்கிவிடுவார்கள். நீளமான பத்தியை மனம் சிதறாமல் படித்து முடிக்கும் பழக்கம் உயிரியல் பாடத்திற்கும் வேண்டும், வணிகவியலுக்கும் வேண்டும். இரவில் அரைமணி நேரம் அவள் விரும்பிய புத்தகத்தோடு இருக்கட்டும்.

நாங்கள் இந்துக் குடும்பம். மகன் ஃபாதர்கள் நடத்தும் பள்ளியில் படிக்கிறான். நூலகம் என்ற பெயரில் சமய நூல்களைப் படிக்க வைப்பார்களோ என்று அவனுடைய அப்பாரு (தாத்தா) கேட்கிறார்.
(பெற்றோர், கோபிசெட்டிபாளையம்)

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எந்த மாணவரையும், அவர் வயது வராதவராயின் பாதுகாவலரின் ஒப்புதல் இல்லாமல், சமயப் போதனையில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு கூறுகிறது. திருச்சபையும் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாக, சமயத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று 1965-இல் அறிவித்துவிட்டது. மறைக்கல்வி வகுப்பு வேறு, நூலகம் வேறு. விவிலியமும் புனிதர் வரலாறும் அலமாரியில் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்திலேயே தேவாரமும் சீறாப்புராணமும் இருக்க வேண்டும். எதையும் பரிசுக்கோ சலுகைக்கோ நிபந்தனையாக வைக்கக் கூடாது. எங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெருவாரியான பிள்ளைகள் பிற சமயத்தவர் என்பதை நிர்வாகங்களே நன்கு அறியும்.

கத்தோலிக்கர் தமிழுக்குக் கொடுத்தவை செபப் புத்தகங்கள் மட்டுமல்ல என்பதையும் பெரியவரிடம் சொல்லுங்கள். தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதி 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். அந்த நாவலின் வேடிக்கைக் கதைகளை அவரே பேரனுக்கு வாசித்துக் காட்டலாம்.

பத்தாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?
(தமிழாசிரியை, தாராபுரம்)

இந்தப் பிள்ளைகளுக்குத் திறமைக் குறைவைவிட வெட்கமே பெரிய தடை. மீசை அரும்பும் பையனிடம் மூன்றாம் வகுப்புப் படப் புத்தகத்தை நீட்டினால், தோழர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற எண்ணத்திலேயே அவன் நூலகத்தின் பக்கம் வரமாட்டான். அந்தப் புத்தகத்தைப் படிக்க அவனுக்கு மதிப்பான காரணம் ஒன்றை உண்டாக்குங்கள். பல கத்தோலிக்கப் பள்ளி வளாகங்களில் தொடக்கப் பள்ளியும் சேர்ந்தே இருக்கிறது. அங்குள்ள சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் கதை வாசித்துக் காட்டும் பொறுப்பை அவனிடம் கொடுத்தால், ஒரே கதையை வாரம் முழுவதும் அவன் தனியாக வாசித்துப் பழகுவான். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்திற்காக நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் வந்த சிறு நூல்கள் இதற்கு மிகப் பொருத்தமானவை.

கதை முன்பே தெரிந்திருந்தால் எழுத்து எளிதாகிவிடும் என்பது இன்னொரு வழி. நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் பொன்னர் சங்கர் கதையை உடுக்கைப் பாட்டாகவோ கோயில் திருவிழாக் கூத்தாகவோ கேட்டிருப்பார்கள். அந்தக் கதையின் எளிய உரைநடை நூலைக் கொடுங்கள். வரியில் தடுமாறும் இடத்தில் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்பதை அவர்களே ஊகித்துக் கடந்துவிடுவார்கள்.

நான் காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறேன். அது படிப்பே இல்லை என்கிறார் எங்கள் சார். உண்மையா, ஐயா?
(பத்தாம் வகுப்பு மாணவன், காங்கேயம்)

படிப்புதான், தம்பி. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய நாள் முதல் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் அந்த வழியாகவே பெரிய புத்தகங்களுக்கு வந்திருக்கிறார்கள். உன் பள்ளி நூலகத்தில் காமிக்ஸ் இல்லையென்றால் வாங்கித் தருமாறு எழுதிக் கேள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்தபின், உன் ஊருக்குப் பக்கத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் எழுதிய நாகம்மாளை எடுத்துப் பார். 1942-இல் வந்த சிறிய நாவல் அது. உன் வீட்டில் பேசுகிற பேச்சு அச்சில் இருப்பதைக் காண்பாய்.

காதல், சாதிக் கொடுமை, வன்முறை இவையெல்லாம் வரும் நாவல்களைப் பள்ளி நூலகத்தில் வைக்கலாமா? ஒரு பெற்றோர் புகார் செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்.
(தலைமை ஆசிரியையான அருட்சகோதரி, சேலம்)

சிஸ்டர், திருச்சபை தானே நான்கு நூற்றாண்டுகள் பேணிவந்த தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை 1966-இல் கைவிட்டது. விசுவாசிகள் தங்கள் மனச்சான்றைப் பழக்கித் தாங்களே தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு அது வந்துவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தைத் தருவதற்குப் பள்ளி நூலகத்தைவிடப் பாதுகாப்பான இடம் எது?

அதற்காக எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்லவில்லை. எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் அலமாரியும் மேல்நிலை வகுப்புகளுக்கு ஓர் அலமாரியும் பிரித்து வையுங்கள். நூல்களை எந்த அடிப்படையில் வாங்குகிறோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் வாசித்து ஒப்புதல் பெறுங்கள். புகார் வந்தால் எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர் இருவரும் பெற்றோர் ஒருவரும் அந்த நூலை முழுதும் படித்து முடிக்கும் வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும். ஒரு பக்கத்தை மட்டும் படம்பிடித்து அனுப்பி ஒரு நூலை எடைபோடும் வழக்கம் நம் பகுதிக்குப் புதிதல்ல. மாதொருபாகன் நாவலுக்குத் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பால் எழுத்தாளர் பெருமாள்முருகன் 2015-இல் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்ததும், பிடிக்காத நூலை வாசகர் ஒதுக்கிவிடலாம் என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததும் தாங்கள் அறிந்ததே.

சாதியைப் பற்றிய நாவல்களைத் தயவுசெய்து விலக்கிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து நட்பு கொள்ளும் சூழலில், அடுத்த தெருவின் வாழ்க்கை அவர்களுக்குத் தெரிய வேறு வழி குறைவு.

பீகார், ஒடிசாவிலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் சேர்கிறார்கள். நூலகத்தில் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை.
(ஆசிரியர், திருப்பூர்)

இந்தி, ஒடியா நூல்களைக் குறைந்த விலையில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல இந்திய மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலும் ஒடியாவிலும் அச்செடுத்து ஒன்றாகத் தைத்து வைத்தால், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள்.

புத்தகம் வாங்கப் பணம் மிகக் குறைவு. எப்படிச் செலவழிப்பது நல்லது?
(நூலகப் பொறுப்பாளர், பொள்ளாச்சி)

மொத்தமாக விலைப்பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள். கோவையில் ஜூலையிலும் ஈரோட்டில் ஆகஸ்டிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. வகுப்புக்கு இரண்டு பேராக மாணவர்களைப் பள்ளி வேனில் அழைத்துப்போய், ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொகையைக் கொடுத்து, நூலகத்திற்கு வேண்டியதை அவர்களே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அட்டையின் உள்பக்கத்தில் தேர்ந்தெடுத்தவர் பெயரை எழுதி வையுங்கள். அந்தப் பெயரைப் பார்த்தே அடுத்தவர் அதை எடுப்பார். ஆண்டு விழாவில் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் பரிசாகக் கொடுக்கும் பணத்தையும் இதற்கே திருப்பிவிடலாம்.

மாணவர் விடுதியில் இரவுப் படிப்பு 9 மணி வரை, உடனே விளக்கணைப்பு. கதைப் புத்தகத்திற்கு இடமே இல்லை.
(விடுதிக் காப்பாளர், தர்மபுரி)

படிப்பு நேரத்தை 8.40-க்கு முடித்து, மீதி இருபது நிமிடத்தைச் சொந்த வாசிப்புக்கு விடுங்கள், ஃபாதர். அந்த நேரத்தில் தாங்களும், குருக்களின் அன்றாடச் செபநூலான திருப்புகழ்மாலையைத் தவிர வேறொரு புத்தகத்தோடு அதே கூடத்தில் உட்கார வேண்டும். மேற்பார்வைக்காக நடந்துகொண்டிருக்கக் கூடாது. நூலகர்களின் பாதுகாவலரான புனித லாரன்ஸின் திருநாள் ஆகஸ்ட் 10, அரங்கநாதன் நினைவாக நூலகர் நாள் ஆகஸ்ட் 12. அந்த வாரத்தில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்கு முன் பிள்ளைகளுக்குப் பழகிவிடும். தேர்வு நாட்களிலும் அந்த இருபது நிமிடத்தை எடுத்துவிடாதீர்கள்.