சின்ன பஸ் சேவை மின்சாரத்துக்கு மாறுவது: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்களிடம் 12 பஸ்கள். ஒவ்வொன்றும் நாளுக்குச் சராசரியாக 220 கி.மீ. ஓடுகிறது. விற்பனையாளர் காட்டும் வண்டியில் 300 யூனிட் பேட்டரி, 300 கி.மீ. ஓடும் என்கிறார். தாராளமாகப் போதும்தானே?

போதாது. 12 மீட்டர் பஸ்ஸுக்கு ஏசி, ஏற்றம், நெரிசலைப் பொறுத்து கி.மீ.க்கு 1 முதல் 1.5 யூனிட் (கிலோவாட்-மணி) வரை செலவாகும். கடுங்குளிரில் ஹீட்டர் ஓடினால் அதற்கும் மேலே போகும். 1.3 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியை ஒட்டச் சுரண்ட முடியாது. 20 சதவீதம் கையிருப்பு விட்டால் 240 யூனிட். ஆண்டுகள் ஓடிப் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதமாகக் குறைந்ததும் மிஞ்சுவது 192. அதை 1.3-ஆல் வகுத்தால் 147 கி.மீ.தான். முதல் நாள் ஓடும் தூரத்தை நம்பி ஷெட்யூல் போடாதீர்கள். கடைசி ஆண்டில் ஓடக்கூடிய தூரத்தை வைத்துப் போடுங்கள்.

சராசரியைப் பார்ப்பதும் தப்பு. 220 என்ற சராசரிக்குள் 140-ம் இருக்கும், 290-ம் இருக்கும். ஒவ்வொரு ஷெட்யூலுக்கும் டிப்போவிலிருந்து வெறுமனே போய்வரும் தூரத்தையும் சேர்த்து மொத்த கி.மீ., பகலில் வண்டி டிப்போவில் நிற்கும் மிக நீண்ட இடைவெளி, வழியில் உள்ள ஏற்றம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். 220 கி.மீ. ஓட வேண்டிய வண்டிக்குப் பழைய பேட்டரியில் 73 கி.மீ. குறைகிறது, அதாவது 95 யூனிட். 150 கிலோவாட் சார்ஜரில் அது 40 நிமிட வேலை. கன் (பஸ்ஸில் செருகும் சார்ஜர் முனை) மாட்டிக் கழற்றுவதோடு 50 நிமிட இடைவெளி இருந்தால் அந்த ஷெட்யூல் நடக்கும். ஆனால் 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி நிரம்பிவிட்டால் ஏறும் வேகம் குறையத் தொடங்கும். எனவே காலை நடைகள் முடிந்து பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு மாட்டுவதே பலன் தரும்.

கேள்வி: அப்படியானால் 150 கி.மீ.க்குக் குறைவான ஷெட்யூல்களை மட்டும் மாற்றிவிடலாமா?

தொடங்க அதுவே சரியான இடம். அங்கேயே நின்றுவிட்டால் கணக்கு உதைக்கும். மின்சார பஸ்ஸின் விலை அதிகம், ஓட்டும் செலவு குறைவு. கூடுதல் விலை கி.மீ. ஓட ஓடத்தான் திரும்பி வரும். காலை மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டியையும் ஸ்பேர் வண்டியையும் கடைசியாக மாற்றுங்கள்.

மின்செலவைக் கணக்கிடும்போது பேட்டரிக்குள் ஏறிய யூனிட்டை எடுக்காதீர்கள். மீட்டரில் ஓடியதை எடுங்கள், சார்ஜரில் 10 சதவீதம் அளவுக்கு இழப்பு உண்டு. கி.மீ.க்கு 1.3 என்பது பில்லில் ஏறக்குறைய 1.45 ஆகும். அதை யூனிட் விலையால் பெருக்குங்கள். மாதாந்திர டிமாண்ட் சார்ஜை (மாதத்தில் தொட்ட உச்ச மின்தேவைக்குக் கட்டும் கட்டணம்) மாத கி.மீ.யால் வகுத்து அதனுடன் சேர்த்து, உங்கள் பதிவேட்டில் உள்ள டீசல் மைலேஜின்படி வரும் கி.மீ. செலவோடு ஒப்பிடுங்கள். நிறுவனக் கையேட்டு மைலேஜ் வேண்டாம்.

கேள்வி: 12 வண்டிக்கு 120 கிலோவாட் சார்ஜர் 12 வாங்கச் சொல்கிறார்கள். மின் இணைப்பு எவ்வளவு வேண்டும்?

பன்னிரண்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் 1,440 கிலோவாட். இரவு 10 மணிக்கு எல்லா வண்டியும் டிப்போவுக்குள் வந்து ஆட்கள் வரிசையாகக் கன் மாட்டினால் அதுதான் நடக்கும். அந்த ஒரு கால்மணி நேர உச்சத்துக்கு மாதம் முழுவதும் கட்டணம் கட்டுவீர்கள்.

தேவையைப் பாருங்கள். இரவில் வண்டிக்கு 200 யூனிட் என்றால் 2,400, இழப்போடு 2,640. இரவு 10 முதல் காலை 5 வரை 7 மணி நேரத்தில் பரப்பினால் சராசரி 380 கிலோவாட்கூட இல்லை. சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் 450 கிலோவாட் உச்சவரம்பு வைத்து, அதிகாலையில் முதலில் புறப்படும் வண்டிக்கு முன்னுரிமை கொடுத்தால் போதும். 630 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தாங்கும். இரண்டு கன் உள்ள சார்ஜர் 6 வாங்கி, கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழுதானால் இரண்டு வண்டி நிற்கும், மறந்துவிடாதீர்கள்.

பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே மின் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். பள்ளம் தோண்டும்போதே எதிர்காலம் முழுவதற்கும் சேர்த்துக் குழாய் பதியுங்கள். காங்கிரீட்டை இரண்டாம் முறை உடைப்பது வீண் செலவு. பஸ்ஸின் சார்ஜிங் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது, வண்டி நிற்கும் இடத்துக்குக் கேபிள் எட்டுமா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். சார்ஜரும் மென்பொருளும் வெவ்வேறு நிறுவனத்தாருடையவை என்றால் இரண்டும் ஓ.சி.பி.பி. (சார்ஜரும் மென்பொருளும் தகவல் பரிமாறும் பொது மொழி) நெறிமுறையில் பேசுவதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: கடைசி நிறுத்தத்தில் கூரை வழியாக வேகமாக ஏற்றும் பான்டோகிராப் சார்ஜர்?

ஒரே தடத்தில் இடைவிடாமல் பஸ் விடும் பெரிய சேவைக்கு நல்லது. உங்களுக்கு வேண்டாம். அந்த ஒரு கருவி நின்றால் தடமே நின்றுவிடும்.

கேள்வி: குளிர்ப் பகுதியில் ஓட்டுகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே அப்படியே சார்ஜ் செய்தால் எதிர்மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படியும். கொள்ளளவு போகும், ஆபத்தும் கூடும். பேட்டரியைச் சூடாக்கும் அமைப்பு இல்லாத வண்டியை வாங்காதீர்கள். புறப்படும் முன், கன் மாட்டியிருக்கும்போதே பயணிகள் பகுதியையும் சூடாக்கிவிட்டால் அந்தச் சூடு பேட்டரிக் கணக்கில் வராது.

கேள்வி: எஞ்சின் இல்லை என்பதால் மெக்கானிக் வேலை பாதியாகுமா?

ஆயில், பில்டர், இன்ஜெக்டர் போகும். கதவு, சஸ்பென்ஷன், ஏர் கம்ப்ரசர், ஏசி எல்லாம் அப்படியே இருக்கும். எடையும் இழுவிசையும் கூடுவதால் டயர் சீக்கிரம் தேயலாம். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் நெடுநாள் வரும். அதனாலேயே, அதிகம் அசையாத காலிப்பர் பின் (பிரேக் பேடை அழுத்தும் பகுதி நகர உதவும் ஊசி) துருப்பிடித்து இறுகும். பேட் தடிமனாக இருக்கிறது என்று விட்டுவிடாமல் கழற்றிப் பார்த்துக் கிரீஸ் போடுங்கள். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழவில்லை என்றால் முதலில் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான சின்ன 24 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். அது இறங்கியிருந்தால் பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சான கான்டாக்டர் மூடாது.

600 வோல்ட் அளவிலான நேர்மின்சாரம் ஓடும் வண்டி இது. பயிற்சி பெற்ற இருவர் இல்லாமல் ஆரஞ்சு நிறக் கேபிளில் கை வைக்க விடாதீர்கள். சாவியை எடுத்து, சர்வீஸ் பிளக்கை (உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் பிளக்) கழற்றிப் பூட்டி, கையேட்டில் சொன்ன நிமிடங்கள் வரை கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கக் காத்திருந்து, மீட்டரில் சுழியம் காட்டிய பிறகே வேலை தொடங்க வேண்டும். மீட்டரே சரியாக இருக்கிறதா என்று அளப்பதற்கு முன்னும் பின்னும் தெரிந்த மின்மூலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.