சிவக்காத தக்காளி, பூஞ்சை பிடிக்கும் வத்தல்: கோடை மாடித்தோட்டத்துக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முப்பது பைகளில் காய்கறி வைத்திருக்கிறேன். தையில் கத்தரி, தக்காளி, மிளகாய் நட்டேன். மாசியில் கொத்தவரை விதைத்தேன். இப்போது சித்திரையில் தக்காளியைத் தவிர எல்லாம் காய்த்துத் தள்ளுகிறது. வீட்டில் மூன்று பேர்தான், சமைத்துத் தீரவில்லை. போன வருடம் வத்தல் போட்டு வைத்தேன். ஆவணியில் டப்பாவைத் திறந்தால் பூஞ்சை. தக்காளியில் பூ கொட்டுகிறது. பிடித்த காயும் மஞ்சளாகவே நிற்கிறது, சிவக்கவில்லை. உரம் போதவில்லையா?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உரத்தில் குறை இல்லை அம்மா. தக்காளிக்கு வெயில் தாங்கவில்லை, அவ்வளவுதான். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு தணியாமல் இருந்தால் அதன் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். கருவுறாத பூ உதிரத்தான் செய்யும். இந்த நேரத்தில் பூவைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று யூரியாவோ, கூடுதல் பிண்ணாக்குக் கரைசலோ ஊற்ற வேண்டாம். இலை தழைக்கும், காய் வராது.

சிவக்காததற்கும் அதே வெயில்தான் காரணம். தக்காளிக்குச் சிவப்பைக் கொடுக்கும் லைகோபீன் என்ற நிறமி 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் உருவாவதால் காய் மஞ்சளிலேயே நின்றுவிடும். எனவே செடியிலேயே பழுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காயின் அடிப்பக்கம் பச்சை மாறி லேசாக வெளிறத் தொடங்கியதும் காலையிலேயே பறித்து, வீட்டில் குளுமையான மூலையில் காகிதத்தின் மேல் ஒன்றோடொன்று படாமல் பரப்பி வையுங்கள். நான்கைந்து நாளில் நிறம் ஏறும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும். பழுத்த பிறகு வையுங்கள். பாதி வெயிலைத் தடுக்கும் 50 சதவீத பச்சை நிழல்வலையைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் மட்டும் கட்டினால் போதும். கொத்தவரை வெயிலுக்குப் பிறந்த செடி, அதை மூடாதீர்கள்.

தண்ணீரை விடிகாலையிலும் சாயங்காலமும் பிரித்து விடுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். பையின் மேல்மண்ணைக் காய்ந்த சருகால் இரண்டு அங்குலம் மூடிவிடுங்கள்.

இனி, தீராத காய்க்கு வருவோம். காய் மிஞ்சும்போது, 'நாளைக்குப் பறிக்கலாம்' என்று செடியிலேயே விட்டுவைக்கத் தோன்றும். அதுதான் கூடாது. காய் முற்றினால் செடி தன் சத்தையெல்லாம் விதைக்குக் கொடுத்துவிட்டு, புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். சாப்பிட ஆள் இருக்கிறதோ இல்லையோ, ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவிடுங்கள். கொத்தவரையை வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். நார் இழுத்தால் கறிக்கும் ஆகாது, வத்தலுக்கும் ஆகாது. கத்தரித் தோலின் பளபளப்பு மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று அர்த்தம். முற்றியதை வத்தல் போடலாம் என்று பலரும் ஒதுக்குகிறார்கள். வத்தலுக்கு இளங்காய்தான் வேண்டும் அம்மா, மிச்சத்தில் நல்லதுதான் வத்தலாக வேண்டும்.

பூஞ்சைக்கு வருகிறேன். வத்தலைக் காயவைத்ததில் குறை இருந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலும் தப்பு நடப்பது டப்பாவில் போடும்போது. சாயங்காலம் மாடியிலிருந்து அள்ளி, அந்தச் சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடினால் உள்ளே வேர்த்துவிடும். அந்த ஈரம் போதும் பூஞ்சைக்கு.

கொத்தவரைக்கு இப்படிச் செய்யுங்கள். காலையில் பறித்ததைக் காம்பு கிள்ளி, உப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுங்கள். நிறம் பளிச்சென்று பச்சையானதும் வடித்து, வெள்ளை வேட்டியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். முதல் நாள் வெயில் முழுதாகக் கிடைக்க வேண்டும். மேகமூட்டமான நாளில் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி ஈரம் படக்கூடாது. மூன்று நான்கு நாளில் ஒடித்தால் சத்தம் வரும். அப்புறம் நிழலில் நன்றாக ஆறவிட்டு, கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி நிரப்பி மூடி வையுங்கள். தினமும் ஒரு தடவை பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் உட்புறம் ஆவி படிந்தாலோ, வத்தல் ஒன்றோடொன்று ஒட்டினாலோ மறுபடி வெயிலில் போடுங்கள். ஒட்டாமல் கலகலவென்று இருந்தால் கவலையில்லை.

கத்தரிக்கும் இதே முறைதான், நீளமாக நறுக்கி முக்கால் பதம் வேகவைத்துக் காயவைக்க வேண்டும். புழு துளைத்த காயைச் சேர்க்காதீர்கள். மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் ராத்திரி மீண்டும் அதே மோரிலுமாகப் போட்டு வாருங்கள். மோர் முழுதும் இழுத்துக்கொண்ட பிறகு வெயிலில் மட்டும் காயட்டும்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய டப்பாவில் வைக்காமல் சின்னச் சின்ன பாட்டில்களாகப் பிரித்துவிடுங்கள். அடிக்கடி திறக்கும் டப்பாவில் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் நல்ல வெயில் அடிக்கும் ஒருநாள் எல்லாவற்றையும் மீண்டும் காயவைத்து ஆறவிட்டு எடுத்து வையுங்கள்.

பூஞ்சை பிடித்த வத்தலைத் துடைத்துக் காயவைத்து வறுத்துவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நாம் எண்ணெயில் பொரிக்கும் சூட்டுக்கு அது அழியாது. மிளகாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மனசு கஷ்டப்பட்டாலும் கொட்டிவிடுங்கள்.

கத்தரியில் நோயில்லாத நல்ல செடி ஒன்றில் ஒரு காயை மட்டும் மஞ்சளாகும் வரை விதைக்கு விட்டுவிடுங்கள். அது வீரிய ஒட்டுரக (ஹைப்ரிட்) விதையில் வந்த செடியானால் வேண்டாம், அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. வைகாசிக் கடைசியில் மற்ற கத்தரிச் செடிகளைத் தரையிலிருந்து ஓரடி விட்டு மேலே உள்ளதை வெட்டிக் கவாத்து செய்து, தொழுவுரம் இட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். தக்காளியைக் கவாத்து செய்து காப்பாற்றப் பார்க்காதீர்கள். பிடுங்கிவிட்டு, ஆனி பிறந்ததும் புது விதையை நாற்றுத்தட்டில் போடுங்கள். 25 நாள் நாற்று ஆடிப்பட்டத்துக்குச் சரியாக வந்து நிற்கும்.