அம்மாவின் இதயத்தைச் சுற்றியுள்ள நீர்

கேள்வி: வணக்கம் டொக்டர். என் அம்மாவுக்கு 67 வயது. பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். கிளினிக்கில் எழுதிக்கொடுத்தபடி எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தோம். இதயம் நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். ஆனால் அறிக்கையின் அடியில், இதய உறைக்குள் சிறிதளவு நீர் இருக்கிறது, அது இயல்பான அளவு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இதைக் கேட்ட பக்கத்து வீட்டு ஆச்சி, "நெஞ்சில தண்ணி கட்டியிருக்கு, தண்ணி குடிக்கிறதைக் குறை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா நாளுக்கு இரண்டு தம்ளர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அது என்ன நீர்? அதில் என்ன இருக்கிறது? சோதிக்க வேண்டுமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: மகள், முதலில் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுங்கள். கொழும்பு வெயிலில், பிரஷர் குளிசையும் எடுத்துக்கொண்டு தாகத்தோடு இருந்தால் தலை சுற்றி விழக்கூடும். சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. இதயம் பலவீனமானவர்களுக்கும் சில சிறுநீரக நோயாளிகளுக்கும் தண்ணீரை அளந்து குடிக்கும்படி மருத்துவர் சொல்வதுண்டு. அம்மாவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லையென்றால் வழக்கம்போலக் குடிக்கட்டும்.

அந்த நீர் உங்களுக்கும் எனக்கும், அந்த ஆச்சிக்கும் இருக்கிறது. இதயம் ஒரு மெல்லிய உறைக்குள் இருந்தபடி நாளுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்கிறது. உறையும் இதயமும் ஒன்றோடொன்று உராயாமல் இருக்க, இடையே 15 முதல் 50 மில்லிலீற்றர் நீர் வேண்டும். அதாவது, ஒன்று முதல் மூன்று மேசைக்கரண்டி. இதயத்தின் மேற்பரப்பிலுள்ள நுண்குழாய்களிலிருந்து இது மெல்ல ஊறுகிறது, நிணநீர்க் குழாய்கள் வழியாக வடிகிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை அளவு மாறாது.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால், அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆரோக்கியமான நீர் தெளிவாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். இரத்தத்தின் திரவப் பகுதி வடிகட்டப்பட்டு வருவதே இதன் அடிப்படை. அதனால் சோடியம் போன்ற உப்புகள் ஏறக்குறைய இரத்தத்தில் உள்ள அளவிலேயே இருக்கும். குளுக்கோசும் அப்படித்தான். புரதம் மட்டும் குறைவு, இரத்தத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுக் கூட. அந்தப் புரதத்திலும் சிறிய மூலக்கூறான அல்புமினின் பங்கு அதிகம். பெரிய புரதங்கள் அவ்வளவு இலகுவாகக் கடந்து வருவதில்லை. வழுக்கலுக்கு உதவும் கொழுப்புப் பொருள்களும், உறையின் உட்புறத்திலிருந்து உதிரும் கலங்களும், வெண்குருதிக் கலங்களும் இருக்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்தால், அது அழற்சியால் வந்ததா என்று பார்க்க 1972 இல் வந்த 'லைட் அளவுகோல்' என்ற கணக்கு இருக்கிறது. நீரின் புரதம் இரத்தப் புரதத்தின் பாதியைத் தாண்டினால், அல்லது எல்டிஎச் என்ற நொதியம் இரத்தத்தில் உள்ளதன் 0.6 பங்கைத் தாண்டினால், அழற்சி என்று எடுத்துக்கொள்வோம். 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களின் இயல்பான இதய நீரை எடுத்துப் பார்த்தார்கள். புரதம் இரத்தத்தில் உள்ளதன் 0.6 பங்கு, எல்டிஎச் இரத்தத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வெண்குருதிக் கலங்களில் பாதிக்கு மேல் லிம்போசைட்டுகள் என்ற வகை. நுரையீரல் கணக்கைப் போட்டிருந்தால் நோயில்லாத அந்த நீரெல்லாம் 'அழற்சி' என்றே வந்திருக்கும்! இதய நீருக்கு அந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது என்று இளம் மருத்துவர்களுக்கு நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அம்மாவின் நீரைச் சோதிக்கத் தேவையே இல்லை. நெஞ்சுக்குள் ஊசி செலுத்தி எடுக்க வேண்டிய நீர் இது. அதிகமாகச் சேர்ந்து, காரணம் தெரியாமல் இருந்தாலோ இதயத்தை அழுத்தினாலோதான் அதற்குப் போவோம். வைரஸ் தொற்று, காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு, தைரொய்ட் குறைபாடு, புற்றுநோய் எல்லாம் நீரைக் கூட்டக்கூடியவை. எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதே பெரிய விஷயம். மாதக்கணக்கில் மெல்லச் சேர்ந்தால் உறை விரிந்துகொடுத்து ஒரு லீற்றருக்கு மேலும் தாங்கும். திடீரென்று சேர்ந்தால் 200 மில்லிலீற்றர்கூட உயிருக்கு ஆபத்து. படுக்க முடியாத அளவு மூச்சு வாங்கினால், கழுத்து நரம்பு புடைத்து மயக்கம் வந்தால், யாருக்கானாலும் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அந்த அறிக்கையைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்திருங்கள். பின்னொரு நாள் மறுபடி எக்கோ எடுக்க நேர்ந்தால், ஒப்பிட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு அது உதவும். அப்புறம், அந்த ஆச்சிக்கும் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார்.