ராத்திரி டியூட்டிக்காரருக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

சமூகப்பணி படித்துவிட்டு ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) இருக்கிறேன். சட்டத்தோடு முரண்பட்டதாகப் பிடிபடும் சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு இப்போது அழைப்பு வந்திருக்கிறது. மாதிரி வகுப்பு ஒன்று எடுத்தேன். குழந்தை உரிமைகள் பற்றிப் பேசும்போது இல்லத்தில் காவல் வேலை பார்க்கும் ஊழியர் ஒருவர் எழுந்து, "ஒரு ராத்திரி வந்து பசங்களப் பாத்துக்குங்க மேடம், அப்புறம் பேசலாம்" என்றார். வகுப்பே சிரித்தது. பயிற்சியால் ஏதாவது மாறுமா? சிறுவர்களை விட்டுவிட்டு இதற்குப் போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாகப் போங்கள். அந்தக் காவலர் கூப்பிட்டதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கி ஒரு ராத்திரி இல்லத்தில் இருந்துவிட்டு அடுத்த வகுப்பை எடுங்கள்.

நான் நன்னடத்தை அலுவலராக (புரொபேஷன் ஆபீசராக) இருந்தபோது பார்த்தவரை, அடிதடி நடப்பது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். ஆசிரியரும் ஆற்றுப்படுத்துநரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கூடம் நிறையப் பையன்கள், ஒன்றிரண்டு காவலர்கள். ஒருவன் சுவரேறிக் குதித்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் காவலர்தான். அந்தப் பயத்தில் கை ஓங்குகிறார். அவருக்கு வேறு வழி எதையும் நாம் கற்றுக்கொடுத்ததில்லை. இந்தியாவில் முதன்முதலாக, 1920இலேயே, சிறார்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம். இத்தனை காலத்துக்குப் பிறகும் இதுதான் நிலைமை என்பது எனக்குப் பெரிய வேதனை.

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் அடிபட்டுச் செத்துப்போனான். கண்காணிப்பாளர் உட்பட 6 பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. இதை உங்கள் வகுப்பில் மறைக்காமல் பேசுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் அதே வேலையைச் செய்கிறவர்கள்.

பாடத்தை ஒரு ராத்திரியிலிருந்து தொடங்குங்கள். அம்மா பார்க்க வருவதாகச் சொன்ன நாள், வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பையன் தட்டை வீசி எறிகிறான். மற்றவர்கள் கூச்சல் போடுகிறார்கள். இதை அப்படியே நடித்துக் காட்டச் சொல்லுங்கள். காவலரைப் பையனாக நிற்க வையுங்கள். சக ஊழியர் தலைக்குமேல் நின்று கத்தும்போது தனக்கு உள்ளே என்ன ஆகிறது என்பதை அவரே சொல்லட்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்: முதலில் மற்ற பையன்களை அப்புறப்படுத்துவது, இரண்டடி பின்னால் போய்ப் பக்கவாட்டில் நிற்பது, குரலை இறக்குவது, "இப்ப சாப்பிடுறியா, கொஞ்ச நேரம் கழிச்சா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது. நான் பார்த்த ஒரு வயதான காவலர் எந்தப் பயிற்சியும் இல்லாமலே இதைச் செய்தார். சிதறிய சோற்றைத் தானே அள்ளிவிட்டு, பையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அம்மா எந்த ஊர்லேர்ந்து வரணும்?" என்றார். பையன் அழ ஆரம்பித்தான். அப்புறம் சாப்பிட்டான். இப்படிப்பட்டவர்கள் எல்லா இல்லத்திலும் இருப்பார்கள். தேடிப்பிடித்து வகுப்பில் பேச வையுங்கள். நீங்கள் சொன்னால் சிரிப்பவர்கள் அவர் சொன்னால் கேட்பார்கள்.

சட்டத்தைக் கடைசியில் சொன்னால் போதும். ஆனால் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கண்டிப்பதற்காக அடித்ததாக முதல்முறை தீர்ப்பானால் 10,000 ரூபாய் அபராதம், மறுபடி அடித்தால் 3 மாதம் வரை சிறை. வேலையும் போகலாம், குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்யவும் தடை வரும். நிறையப் பேருக்கு இது தெரியாது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனத்தில் சம்வாத் என்றொரு பிரிவு குழந்தைப் பாதுகாப்பு ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறது. வேலையில் சேருமுன் அவர்கள் முறையையும் பார்த்துவிடுங்கள்.

சிறுவர்களை விட்டுப் போவதாக ஏன் நினைக்கிறீர்கள்? வாரத்துக்கு ஒருமணி நேரம் பேசும் உங்களைவிட, ராத்திரி பூராவும் கூட இருப்பவர்தான் அவர்களுக்கு நெருக்கம். ஆனால் ஆள் பற்றாக்குறையைப் பயிற்சியால் ஈடுகட்ட முடியாது. ஒரே காவலர் தொடர்ந்து ராத்திரி டியூட்டி பார்க்கும் இல்லத்தைக் கண்டால், அதை அறிக்கையில் முதல் வரியாக எழுதுங்கள். கண்காணிப்பாளரைத் தொடக்க உரையோடு அனுப்பிவிடாதீர்கள். கடைசிவரை அவரும் வகுப்பில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டே வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்.