போரில் இறந்துபோன ஆட்டக்காரரை அவருடைய கிளப் எத்தனை வருஷம் நினைவில் வைத்திருக்கும்?

உங்கள் கிளப்பிலும் ஏதோ தகராறு போலிருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள். மனசு வைத்தால் நூறு வருஷம் தாண்டியும் வைத்திருக்கலாம். இல்லையென்றால் பதினைந்தே வருஷம். இரண்டையும் பார்த்தவன் நான்.

இங்கிலாந்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை கேன்டர்பரியில் கென்ட் கவுண்டி அணியின் செயின்ட் லாரன்ஸ் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே அந்த அணிக்கும் இங்கிலாந்துக்கும் ஆடிய காலின் பிளைத்தின் நினைவுச் சின்னம். இடது கை சுழற்பந்து வீச்சாளர், 19 டெஸ்ட்டில் 100 விக்கெட். 1907இல் நார்தாம்ப்டன்ஷருக்கு எதிராக ஒரே நாளில் 48 ரன் கொடுத்து 17 விக்கெட்! வலிப்பு நோய் வேறு இருந்தது. அப்படிப்பட்டவர் 1914இல் தானாகப் போய் ராணுவத்தில் சேர்ந்தார். 1917 நவம்பர் 8, பெல்ஜியத்தில் ரயில் பாதை வேலையில் இருந்தபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். 2009இல் இங்கிலாந்து டெஸ்ட் அணி அங்கே போய் அவர் கல்லறையில் கல்லால் செய்த கிரிக்கெட் பந்து ஒன்றை வைத்துவிட்டு வந்தது. 92 வருஷம் கழித்து!

'வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கிறான்' என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவன் நம்மை ஆண்டதெல்லாம் எனக்கும் தெரியும். நான் சொல்வது கிளப்பைப் பற்றி.

நானும் இடது கை ஸ்பின்னர்தான். டென்னிஸ் பால் மேட்சில் ஸ்பின்னருக்கு எந்த கேப்டன் ஓவர் தருகிறான்? ஆறு வருஷம் பவுண்டரி லைனில்தான் நின்றேன். என்னை நம்பிப் பந்தைக் கொடுத்தவர் ஒரே ஒருத்தர், எங்கள் டீம் சீனியர் அண்ணன். ராணுவத்தில் இருந்தார், 1999இல் கார்கில் போரில் இறந்துபோனார். லீவில் வரும்போதெல்லாம் எங்களுக்கு மிலிட்டரி கேன்டீன் பிஸ்கெட் வாங்கி வருவார்.

மறு வருஷமே ஊரில் வசூல் பண்ணி அவர் பேரில் நினைவுச் சுழற்கோப்பை ஆரம்பித்தோம். முதல் மேட்சுக்கு முன்னால் இரண்டு நிமிஷம் மௌனம். அவர் அம்மாதான் பரிசு கொடுப்பார். பதினைந்து வருஷம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு ஸ்பான்சர் வந்தார். முதல் பரிசு ஐம்பதாயிரம். பேனரில் ஸ்பான்சருடைய அப்பா படம் பெரிதாக, அண்ணன் படம் ஓரத்தில் ஸ்டாம்ப் சைஸில். அடுத்த வருஷம் அதுவும் இல்லை. கேட்டதற்கு, "இப்ப ஆடுற பசங்க யாருக்குண்ணே அவரத் தெரியும்?" என்றான் செயலாளர். தெரியாமல் போனது யார் தப்பு? பணம் கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. வாங்கினவர்களைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கோப்பை இப்போது என் வீட்டுப் பரணில். போன பொங்கலுக்கு இறக்கிப் பெயர்த் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். யாராவது டோர்னமென்ட் நடத்துவதாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம். அதில் வேறு தகடு எதுவும் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.