எக்டிஸ், பிரிட்ஜ் சிமியுலேட்டர் வகுப்புகளில் சான்றிதழைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

கேட்டவர் டெக் கடேட்டாக, அதாவது கப்பலோட்டும் பக்கத்துப் பயிலுநராகக் கடற்காலம் முடித்து, அடுத்த வகுப்புக்காகக் கொழும்பில் காத்திருக்கும் தம்பி. எக்டிஸ் என்ற மின்னணு வரைபடக் கருவியை யூடியூப் பார்த்தே பழகிவிடலாம், பிறகு ஏன் இவ்வளவு காசு கட்டி, கப்பலோட்டும் அறையைப் போலவே அமைத்த சிமியுலேட்டரில் உட்கார வேண்டும் என்கிறார். நான் சீஃப் ஆபீசர், கப்பலில் கப்டனுக்கு அடுத்த அதிகாரி. ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் கொழும்பில் ஒரு பயிற்சி நிலையத்தில் சிமியுலேட்டர் வகுப்புகளுக்குத் துணையாக நிற்பேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

சட்ட விஷயம் சுருக்கமானது. 2012 முதல் 2018 வரை படிப்படியாக எக்டிஸ் பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமானது. கடலோடிகளின் பயிற்சி பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தங்களின்படி, இந்தப் பயிற்சி இல்லாதவரின் சான்றிதழில் எக்டிஸ் கப்பல்களுக்குச் செல்லாது என்று ஒரு வரம்பு விழும். சர்வதேச கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் மாதிரிப் பாடத்திட்டம் 1.27 இதற்கு 40 மணி நேரம் ஒதுக்குகிறது. அதனால் எப்படியும் போய்த்தான் ஆகவேண்டும்.

பொத்தான்களை யூடியூப்பில் பழகலாம் என்பது சரிதான். போன் பாவிக்கிற எந்தப் பெடியனுக்கும் பாதை கீறுவது, பெரிதாக்கிப் பார்ப்பதெல்லாம் ஒரு காலைப்பொழுது வேலை. சிக்கல் அதற்கு அப்பால். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், சேஃப்டி கொன்டூர். இதைவிட ஆழம் குறைந்த நீர் ஆபத்து என்று எக்டிஸுக்கு நாம் குறித்துக்கொடுக்கும் ஆழக்கோடு அது. கப்பல் 11.2 மீற்றர் அமிழ்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஆழங்குறைந்த நீரில் ஓடும்போது இன்னும் கீழே அமிழும் ஸ்குவாட்டுக்கு 0.8, அடிப்பகுதிக்குக் கீழே கம்பெனி கேட்கும் இடைவெளி 1.5. மொத்தம் 13.5. அதை உள்ளிடுகிறீர்கள். ஆனால் வரைபடத்தில் 13.5க்குக் கோடு கிடையாது. 10 இருக்கிறது, 20 இருக்கிறது. எக்டிஸ் தானாகவே அடுத்த ஆழமான கோட்டுக்கு, அதாவது 20க்குப் போய்விடும். துறைமுகத்தை நெருங்கும்போது தாராளமாக ஓடக்கூடிய நீரும் ஆபத்தைக் காட்டும் நீலமாகத் தெரியும், அலாரம் கத்திக்கொண்டே இருக்கும். எரிச்சலில் ஒருவர் 10 என்று மாற்றிவிடுவார். சத்தம் நின்றுவிடும். அப்புறம் 11 மீற்றர் ஆழமுள்ள திட்டும் பாதுகாப்பான வெள்ளை நிறத்தில்தான் தெரியும், கப்பல் அதில் ஏறியே தீரும். கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் நீர்மட்டம் வந்து காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. 13.5க்குக் குறைவான இடங்களைச் சுற்றி நீங்களே கையால் தடைக்கோடு கீறிவைப்பதுதான் வழி. இதைக் காணொளியில் பார்த்தால் விளங்கிவிடும். அலாரம் காதைக் குடையும்போது, பின்னால் நிற்கும் கப்டனுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே செய்ய வருமா என்பது வேறு கேள்வி.

படித்தவர்களே மாட்டியதற்கு ஓவிட் என்ற இரசாயனத் தாங்கிக் கப்பல் நல்ல உதாரணம். 2013 செப்டம்பர் 18இல், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில், வார்ன் மணல்திட்டில் தரைதட்டியது. அந்தக் கப்பலில் பூட்டியிருந்த எக்டிஸுக்கான பயிற்சியையே அதிகாரிகள் பெற்றிருந்தார்கள் என்று பிரித்தானிய விசாரணை அறிக்கை சொல்கிறது. அப்படியிருந்தும் அனுபவமில்லாத இளைய அதிகாரி போட்ட பாதை திட்டின் மேலாகவே போனது, கப்டன் அதைச் சரிபார்க்கவில்லை, அலாரச் சத்தம் வேலை செய்யவில்லை. திட்டைக் காட்டும் மிதவைகளின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தும் யாரும் அசையவில்லை. கப்பல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மணலில் கிடந்தது. இந்த வழக்கை வாசித்துவிட்டு வகுப்புக்கு வருகிறவர் கேட்கும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும்.

சிமியுலேட்டரின் உண்மையான பெறுமதி பக்கத்து அறையில் இருக்கும் பயிற்றுநரின் மேசையில்தான். அங்கிருந்து அவர் மூடுபனி போடலாம், திசைகாட்டும் ஜைரோவைக் கெடுக்கலாம், ரேடாரில் சரியாகப் பிடிபடாத ஃபைபர் படகுகளைக் கூட்டமாக விடலாம். எனக்குப் பிடித்தது ஜிபிஎஸ்ஸை ஓசையில்லாமல் அரை மைல் கிழக்கே தள்ளிவிடுவது. திரையில் கப்பல் கோட்டின் மேலேயே அழகாக ஓடும், ஒரு குறையும் தெரியாது. ரேடார் படத்தை வரைபடத்தின் மேல் போட்டிருப்பவருக்கு மட்டும் அலைதடுப்புச் சுவரின் எதிரொலி ஓரிடத்திலும் வரைபடச் சுவர் இன்னோரிடத்திலும் தெரியும். அல்லது கலங்கரை விளக்கத்துக்குத் திசையும் தூரமும் எடுத்துத் திரையில் குறித்துப் பார்த்தவருக்குத் தெரியும். மற்றவர்கள் கோட்டைப் பார்த்தபடியே தரைதட்டுவார்கள். செங்கடல், பாரசீக வளைகுடாப் பக்கம் ஜிபிஎஸ் குழப்பம் இப்போது புதினமே இல்லை. 1995இல் ராயல் மெஜஸ்டி பயணிகள் கப்பல் 17 கடல் மைல் விலகிப்போய் அமெரிக்காவின் நன்டக்கெட் தீவு அருகே தரைதட்டியதற்கும் ஜிபிஎஸ் அன்டனா வயர் கழன்றது யாருக்கும் தெரியாமல் போனதுதான் தொடக்கம்.

இன்னொன்று எங்கள் ஊர்க்காரருக்கு. கொழும்பு வகுப்புகளில் ஒரே பிரிட்ஜில் யாழ்ப்பாணத்துப் பெடியன்களும் காலிப் பெடியனும் நிற்பார்கள். எல்லாம் ஒழுங்காகப் போகும்வரை ஆங்கிலம். குறுக்கே ஒரு மீன்பிடிப் படகு பாய்ந்தவுடன் இரண்டு தமிழ்ப் பெடியன்கள் "ஐயோ, இடப்பக்கம் இடப்பக்கம்" என்று கத்துவார்கள். சுக்கான் பிடிக்கும் காலிப் பெடியனுக்குத் தமிழ் தெரியாது. நாளைக்குக் கப்பலில் அந்த இடத்தில் பிலிப்பைன்ஸ்காரர் நிற்கப்போகிறார். கட்டளையை ஆங்கிலத்தில் சொல்வது, அவர் திருப்பிச் சொன்னதைக் கேட்பது, சுக்கான் காட்டியைக் கண்ணால் பார்ப்பது, மூன்றையும் பதற்றத்திலும் விடாமல் செய்ய ஆளோடு ஆள் நின்றுதான் பழகவேண்டும்.

சிமியுலேட்டரால் முடியாதவையும் உண்டு. அதிகாலை நாலு மணித் தூக்கக் கலக்கத்தை அது தராது. தென்மேற்குப் பருவக்காற்று அலையைத் திரையில் காட்டலாம், வயிற்றைப் பிரட்டாது. தவறு செய்தால் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம் என்ற நினைப்பும் எல்லாருக்கும் அடிமனதில் இருக்கும். கண்டிப்பான சேர் வாய்த்தால் அது கொஞ்சம் குறையும்.

நிலையம் தேடும்போது எத்தனை பாகை அகலத் திரை என்று விசாரித்து மயங்க வேண்டாம். ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு பதிவைத் திரும்ப ஓட்டிக்காட்டி, யார் எப்போது எதைப் பார்க்கத் தவறினார் என்று உட்கார்ந்து கதைக்கிறார்களா என்று முன்பு படித்தவர்களிடம் கேளுங்கள். ஒரு பிரிட்ஜில் எத்தனை பேரை நிறுத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். ஆறு பேர் நின்றால் நாலு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். கப்பல் உறுதியானதும் அதிலுள்ள எக்டிஸ் எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, ஃபுரூனோவா, ஜேஆர்சியா, வேறு எதுவுமா என்று கம்பெனியிடம் கேட்டு, அந்த மாதிரிக்கான தனிப் பயிற்சியை ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பொதுப் பயிற்சிச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரை ஏற்காத கம்பெனிகள் உண்டு, கடைசி வாரத்தில் ஓடித்திரிந்தால் இடம் கிடைக்காது.